பழைய பாதையில் புதிய கார்

பெரியவர்கள் ஏறிச் செல்லும் ஊர்தியைச் சிறியவர்கள் தம் கையால் உருட்ட விரும்புவது எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் காணப்படும் இயல்பாகும். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாமல் உருட்டி விளையாடிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பிற்காலப் புலவர்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமாகச் சிறுதேர்ப் பருவத்தை அமைத்துப் பாடினர். தேர் ஓடிய காலத்தில் சிறுதேர்; புகைவண்டி ஓடிய காலத்தில் பொம்மைப் புகைவண்டி; மோட்டார்ப் பந்தயம் பெருகிய காலத்தில் மின்சாரத்தால் ஓடும் சிறு பந்தயக் கார். ஊர்தி மாறிற்று, ஆசை மாறவில்லை.

இந்த மின்சாரக் காரை மேலைநாட்டார் 'ஸ்லாட் கார்' என்பர். 'ஸ்லாட்' என்றால் ஒடுங்கிய நீள்பள்ளம். பாதையின் மேற்பரப்பில் அமைந்த அப்பள்ளத்தில், காரின் அடியிலுள்ள முனை பொருந்தி நிற்கும். கார் செல்லும் வழியைப் பள்ளம் காட்டும். வேகத்தை ஆடுபவரின் கை தீர்மானிக்கும். இங்கிலாந்தில் 1957-ஆம் ஆண்டு 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்னும் பெயரோடு வெளிவந்த இவ்விளையாட்டு, அரை நூற்றாண்டைக் கடந்தும் வீடுகளில் வாழ்கிறது. அதைத் தயாரித்து விற்ற பெரிய நிறுவனங்களோ ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. முதலாளிகள் மாறினர், தொழிற்சாலைகள் மாறின, தயாரிக்கும் நாடே மாறியது. இத்தனை மாற்றங்களுக்கிடையில் இவ்விளையாட்டு மட்டும் எவ்வாறு பிழைத்தது?

இக்கேள்விக்கு விடை, மிகச் சிறியதொரு வீட்டு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. ஒரு வீட்டில் பத்துக் கார்கள் இருக்கின்றன. பதினோராவது கார் கடையிலிருந்து வந்து சேர்கிறது. அது பழைய பாதையில் ஓடுகிறதா? பழைய கார்களோடு போட்டியிடுகிறதா? இவ்விரு வினாக்களுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்த இடங்களில் விளையாட்டு வளர்ந்தது. 'இல்லை' என்ற விடை கிடைத்த இடங்களில் தேய்ந்தது. இதன் வரலாறு முழுவதும் இவ்வுண்மைக்குச் சான்றாக அமைகிறது.

முன்னோடிகள்

மின்சாரத்தால் ஓடும் பந்தயக் கார் பொம்மையை முதன்முதலாகப் பெருமளவில் விற்க முயன்ற பெருமை அமெரிக்காவின் லயனல் நிறுவனத்தைச் சாரும். பொம்மைப் புகைவண்டிகளால் புகழ்பெற்ற அந்நிறுவனம், 1912-ஆம் ஆண்டு தன் விலைப்பட்டியலில் மின்சாரக் கார்களைச் சேர்த்தது. ஆனால் அவை சில ஆண்டுகளே விற்பனையில் இருந்தன. உருவம் காராக இருந்ததேயன்றி, அமைப்பு பொம்மைப் புகைவண்டியின் அமைப்பாகவே இருந்தது. தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஓடும் ஊர்தியைப் பந்தயக் கார் என்று நம்புவதற்குச் சிறுவர் மனமும் இசைய வேண்டுமல்லவா?

அடுத்த நாற்பது ஆண்டுகளில் இத்தகைய முயற்சிகள் ஆங்காங்கே தோன்றி மறைந்தன. பின்னர், 1954-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரத்து மாதிரிப் பொறியியல் சங்கத்தார், 60 அடி நீளமும் 6 வழிகளும் கொண்ட மின்சாரப் பந்தயப் பாதை ஒன்றைத் தம் கையாலேயே அமைத்தனர். 1937-இல் டானிங்டன் மைதானத்தில் நடந்த பெரும் பந்தயத்தைச் சிறு உருவில் மீண்டும் நடத்திக் காட்ட வேண்டும் என்ற எண்ணமே அம்முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. அப்பாதையிலும் காரை வழிநடத்தியது மேலெழுந்து நின்ற தண்டுதான். அதைக் கண்டு ஊக்கம்பெற்ற பிற சங்கத்தார், தண்டை நீக்கிவிட்டுப் பாதையிலேயே பள்ளம் வெட்டலாயினர். தண்டு மறைந்து பள்ளம் வந்ததும், பாதை சாலையைப் போலவே தோற்றமளித்தது. கார் தன் சக்கரங்களின்மீது தானே ஓடுவதாகக் கண்ணுக்குப் பட்டது. வளைவில் அதன் பின்புறம் சறுக்கவும் இடமுண்டாயிற்று. சிறிய மாற்றந்தான், ஆயினும் பொம்மை பந்தயமானது அம்மாற்றத்தினால்தான்.

இவையெல்லாம் பொறியியல் ஆர்வலர்களின் பொழுதுபோக்கு. உழைப்பும் கருவியும் உடையவர்க்கே கைகூடியவை. கடையில் ஒரு பெட்டியை வாங்கி, வீட்டுத் தரையில் விரித்து, அன்று மாலையே ஆடக்கூடிய பொருளாக அதை ஆக்கிய மனிதர் ஃப்ரெட் ஃபிரான்சிஸ்.

தகரக் காரிலிருந்து மின்சாரக் காருக்கு

ஃபிரான்சிஸ் 1947-ஆம் ஆண்டு 'மினிமாடல்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். போர் முடிந்து பொருள்கள் அரிதாயிருந்த காலம் அது. 1952-இல் 'ஸ்கேலெக்ஸ்' என்ற பெயரில் தகரத்தாலான பந்தயக் கார்களை அவர் வெளியிட்டார். அக்காலத்தில் புகழின் உச்சியிலிருந்த ஜாக்குவார் எக்ஸ்.கே. 120 காரின் சிற்றுருவம் அவற்றுள் முதலில் வந்தது. இவற்றுக்குச் சாவி இல்லை. காரைத் தரையில் அழுத்திப் பின்னோக்கி இழுத்தால், அடியில் மறைந்திருக்கும் ஐந்தாவது சக்கரம் உள்ளேயுள்ள சுருள்வில்லை முறுக்கிவிடும். கையை விட்டதும் கார் பாய்ந்து ஓடும். மக்கள் இதை விரும்பி வாங்கினர். பின்னர் நிறுவனம் ஹாம்ப்ஷயர் வட்டத்தின் ஹாவண்ட் நகரில் பெரிய தொழிற்சாலையை அமைத்துக்கொண்டது.

ஆனால் 1956-ஆம் ஆண்டளவில் விற்பனை தளர்ந்தது. காரணம் எளிது. சுருள்வில் கார் எத்துணை அழகாயிருந்தாலும் நான்கைந்து முறை பாய்ந்தபின் அதில் புதுமை இல்லை. இரண்டாவது காரை வாங்கினால் இரண்டு பாய்ச்சல். மூன்றாவதை வாங்கினால் மூன்று பாய்ச்சல். ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும் தன்மை அக்கார்களுக்கு இல்லை. பத்துக் கார்கள் இருந்தாலும் அவை பத்துத் தனிப் பொம்மைகளே.

அந்நேரத்தில் ஒரு காட்சியில், மின்கலத்தால் பாதையில் தானே சுற்றிச் சுற்றி வந்த கார்களை ஃபிரான்சிஸ் கண்டார். கார்கள் ஓடின, ஆனால் ஆடுபவருக்கு அங்கு வேலையே இல்லை. பார்ப்பவராக மட்டும் அவர் நிற்க வேண்டியிருந்தது. அக்குறை ஃபிரான்சிசின் கண்ணில் பட்டது. காரின் வேகத்தை ஆடுபவரின் கையில் கொடுத்துவிட்டால் என்ன என்று அவர் எண்ணினார். தம்மிடமிருந்த தகரக் கார்களின் சுருள்வில்லை அகற்றி மின்மோட்டாரைப் பொருத்தினார். பாதையை ரப்பரால் வார்த்தார். ஒவ்வொரு பள்ளத்தின் இருபுறமும் மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகளைப் பதித்தார். 'ஸ்கேலெக்ஸ்' என்ற பழைய பெயரோடு மின்சாரத்தைக் குறிக்கும் 'எலெக்ட்ரிக்' என்ற சொல்லின் ஈற்றை இணைத்து 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்று பெயரிட்டார். 1957-ஆம் ஆண்டு சனவரியில் ஹாரகேட் நகரில் நடந்த விளையாட்டுப் பொருட்காட்சியில் அது முதன்முதல் வைக்கப்பட்டது. மாசராட்டி, ஃபெராரி, ஆஸ்டின் ஹீலி ஆகியவற்றின் உருவங்கள் தொடக்கக் கார்களாய் அமைந்தன.

விளையாட்டின் உள்ளமைப்பு

ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கார்கள் பெரும்பாலும் 32-இல் ஒரு பங்கு அளவினவாய் அமைந்தன. அதாவது 14 அடி நீளமுள்ள உண்மைக் கார், விளையாட்டில் 5¼ அங்குலமாகும். மின்சாரத்தின் அழுத்தம் 12 வோல்ட். தொட்டாலும் தீங்கில்லாத அளவு. காரின் அடியில் செம்புக் கம்பியால் பின்னிய இரு சிறு பட்டைகள் உண்டு. அவை பாதையிலுள்ள உலோகப் பட்டைகளைத் தொட்டு மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குச் செலுத்தும். மோட்டார் சுழலப் பற்சக்கரங்கள் வழியாகப் பின்னச்சு சுழலும்.

ஆடுபவரின் கையிலிருக்கும் விசை தொடக்கத்தில் எளிய பொத்தானாக இருந்தது. பின்னர் அழுத்தும் அளவுக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை வந்தது. அதனுள் மின்தடைக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். கட்டைவிரலின் அழுத்தம் மிகும்போது மின்சாரம் கடக்க வேண்டிய கம்பியின் நீளம் குறைகிறது. தடை குறையவே வேகம் கூடுகிறது. விரலைத் தளர்த்தினால் வேகம் தணிகிறது.

நேர்வழியில் யாரும் விரைந்து ஓட்டலாம். வளைவில்தான் ஆட்டக்காரரின் திறமை வெளிப்படும். வேகம் இரண்டு மடங்கானால், வளைவில் காரைப் பாதையோடு பிடித்து வைக்கத் தேவையான விசை நான்கு மடங்காகும் என்பது பள்ளி மாணவர் படிக்கும் இயற்பியல். டயரின் பிடிப்பும் பள்ளத்தின் பிடிப்பும் அதற்குப் போதாமற்போனால் கார் பாதையைவிட்டுத் தெறித்துவிழும். எடுத்து மீண்டும் வைப்பதற்குள் எதிரி அரைச் சுற்று முந்திவிடுவார். ஆகவே அதிகம் அழுத்துபவர் வெல்வதில்லை. எந்த இடத்தில் விரலைத் தளர்த்த வேண்டும் என்பதை அறிந்தவரே வெல்கிறார். இந்த அறிவு சொல்லிக் கொடுத்து வருவதன்று. விரல் பழகிப் பெறுவது.

கணக்கு ஆசிரியர்க்குச் சுவையூட்டும் செய்தியொன்றும் இப்பாதையில் உண்டு. இரு பள்ளங்களுக்கிடையே உள்ள தொலைவு சுமார் 3 அங்குலம். குறுக்கே வெட்டிக்கொள்ளாமல் ஒரு வளையமாக அமைந்த பாதை எவ்வளவு பெரிதாயினும் சிறிதாயினும், வெளிப்பள்ளம் உட்பள்ளத்தைவிட ஏறத்தாழ 19 அங்குலமே நீளமாயிருக்கும். இரு பள்ளங்களின் இடைவெளியை இரு மடங்காக்கி வட்டத்தின் விகித எண்ணால் பெருக்கக் கிடைக்கும் தொகை அது. இந்த அநீதியைப் போக்கவே, எட்டு என்ற எண்ணின் வடிவில் பாதையைக் குறுக்கே கடக்கச் செய்வர். அப்போது ஒருபுறம் வெளியே ஓடும் கார் மறுபுறம் உள்ளே ஓடும், தொலைவு சமமாகும். இரண்டு ஆட்டக்காரரும் சமநிலையில் தொடங்க வேண்டும் என்ற நீதி, பாதை அமைப்பிலேயே வந்து புகுந்திருப்பது கருதத்தக்கது.

கைமாறிய நிறுவனம்

1957-இல் எழுந்த தேவையை ஃபிரான்சிசின் நிறுவனத்தால் ஈடுசெய்ய முடியவில்லை. 1958-ஆம் ஆண்டு அவர் அதனை லைன்ஸ் சகோதரர்கள் நிறுவனத்துக்கு விற்றார். லைன்ஸ் சகோதரர் மூவர். அவர்களது குடும்பப் பெயரான 'லைன்' என்பதற்குக் கோடு என்பது பொருள். மூன்று கோடுகள் சேர்ந்தால் முக்கோணம். ஆகவே தம் பொருள்களுக்கு முக்கோணத்தைக் குறிக்கும் 'டிரை-ஆங்' என்ற பெயரை அவர்கள் சூட்டியிருந்தனர். உலகின் மிகப்பெரிய பொம்மை நிறுவனங்களுள் அதுவும் ஒன்று.

புதிய முதலாளிகள் தகரத்தைக் கைவிட்டுப் பிளாஸ்டிக்கை மேற்கொண்டனர். 1960-இல் வந்த லோட்டஸ், வான்வால் ஆகிய இரண்டும் முதற் பிளாஸ்டிக் கார்கள். வான்வால் கார் 1958-ஆம் ஆண்டு தயாரிப்பாளருக்கான முதல் உலகப் பந்தயப் பட்டத்தை வென்றது. அவ்வெற்றியின் பெருமிதம் ஆறாத நாளிலேயே அதன் சிற்றுருவம் சிறுவரின் கைக்கு எட்டியது. தகரத்தை வளைத்து ஒட்டும் முறையைவிடப் பிளாஸ்டிக்கை வார்க்கும் முறை விரைவானது, மலிவானது, நுட்பமான உறுப்புகளையும் காட்டவல்லது. ஆண்டுதோறும் புதிய கார்கள் வரலாயின. ஒரு வீட்டின் கார் வரிசையைப் பார்த்தாலே அந்தந்த ஆண்டில் எந்தக் கார் வென்றது, எந்தக் கார் சாலையில் புகழ்பெற்றது என்று கூறிவிடலாம் என்னும் நிலை தோன்றியது.

ரப்பர்ப் பாதையும் 1960-களின் தொடக்கத்தில் பிளாஸ்டிக் பாதைக்கு இடம்விட்டது. இங்குதான் முதல் சோதனை எழுந்தது. ரப்பர்ப் பாதை வைத்திருந்த குடும்பங்கள் அதைத் தூக்கியெறிய வேண்டுமா? நிறுவனம் அவ்வாறு சொல்லவில்லை. ஒருமுனையில் பழைய பாதையும் மறுமுனையில் புதிய பாதையும் பொருந்தும்படியான இணைப்புத் துண்டுகள் செய்யப்பட்டன. 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் பாதையின் பொருத்துமுறை மீண்டும் மாறியபோதும் இவ்வாறே இணைப்புத் துண்டு வெளியிடப்பட்டது. கையளவான அத்துண்டுதான் தந்தையின் பாதையையும் மகனின் பாதையையும் ஒன்றாக்கியது.

அமெரிக்கா கற்பித்த பாடம்

இதற்கு நேர்மாறான காட்சியை அதே காலத்து அமெரிக்காவில் காணலாம். அங்கு 1960-ஆம் ஆண்டு அரோரா நிறுவனம் விரலளவுள்ள கார்களை வெளியிட்டது; அவை வீடுகளில் பெரிதும் பரவின. அதனுடன் வேறொரு வழக்கமும் கிளம்பியது. நகரங்களில் பெரிய கூடங்களை அமைத்து, எட்டு வழிகள் கொண்ட நீண்ட பாதைகளை நிறுவி, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிப் பந்தயம் ஆடவிட்டனர். இங்கு ஓடியவை பெரும்பாலும் 24-இல் ஒரு பங்கு அளவுள்ள பெரிய கார்கள். 1960-களின் நடுவில் இக்கூடங்கள் நாடெங்கும் மலிந்தன.

ஆனால் பத்தாண்டு முடியுமுன் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மூடப்பட்டன. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் தலையாயது, புதிய கார் பழைய காரைப் பயனற்றதாக்கியமை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் மோட்டாரின் கம்பிச்சுற்றைப் பிரித்து மறுபடி சுற்றி வேகத்தைப் பன்மடங்காக்கினர். உண்மைக் காரின் உருவம் மறைந்து, வேகத்துக்காகவே வளைத்த மெல்லிய கூடுகள் தோன்றின. கடையில் ஒரு காரை வாங்கிக்கொண்டு வந்த சிறுவன், முதல் சுற்றிலேயே பலமுறை முந்தப்பட்டான். சென்ற திங்கள் வாங்கிய கார் இந்தத் திங்கள் உதவாது என்றால், எந்தத் தகப்பன் மேலும் பணம் கொடுப்பான்? தேர்ந்தவர் சிலரே எஞ்சினர், பொதுமக்கள் விலகினர். சிலருக்காகக் கூடத்தை நடத்த இயலாது. விளையாட்டு, தன் வேகத்தாலேயே தன் வீரர்களை இழந்தது.

இங்கிலாந்தின் வீட்டுப் பாதை இவ்வளவு விரைவைக் கண்டதில்லை. அதன் கார்கள் மெல்ல மெல்லவே மேம்பட்டன. அந்த மந்தமே அதற்குக் காப்பாயிற்று எனலாம். பத்தாண்டுப் பழமையுள்ள காரும், டயரைத் துடைத்துப் பின்னலைச் சீர்செய்து வைத்தால், புதியதோடு போட்டியிட முடிந்தது.

வீழ்ந்தோரும் எஞ்சியதும்

1971-ஆம் ஆண்டு லைன்ஸ் சகோதரர்கள் நிறுவனம் கடன்சுமையால் சரிந்தது. அதன் கிளைகள் தனித்தனியே விற்கப்பட்டன. ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கும் பொம்மைப் புகைவண்டிப் பிரிவும் டன்பி-கோம்பெக்ஸ்-மார்க்ஸ் என்ற நிறுவனத்தைச் சேர்ந்தன. அதுவும் 1980-இல் வீழ்ந்தது. பின்னர் 'ஹார்ன்பி' என்ற பெயரில் தனி நிறுவனம் உருவாகி இவ்விளையாட்டை ஏற்றது. மெக்கானோ கட்டுமான விளையாட்டைக் கண்டுபிடித்த ஃபிராங்க் ஹார்ன்பியின் பெயர் அது. 1920-இல் அவர் தொடங்கிய பொம்மைப் புகைவண்டியும், ஃபிரான்சிஸ் தொடங்கிய மின்சாரக் காரும், இருவரும் எண்ணிப்பாராத வகையில் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன. 1990-களில் தயாரிப்பு வேலை சீனாவுக்கு மாற்றப்பட்டது. இங்கிலாந்துத் தொழிலாளர்க்கு அது இழப்பு என்பதை மறுக்கவியலாது. பெட்டியில் அச்சிட்ட பெயர் நிலைத்தது. அதைச் செய்த கைகள் மாறின.

ஸ்பெயின் நாட்டில் இதன் வரலாறு தனி வழியில் சென்றது. அங்கு எக்ஸின் என்ற நிறுவனம் 1960-களில் உரிமம் பெற்று அதே பெயரில் தயாரித்தது. மக்களிடையே அது எவ்வளவு ஆழமாக வேரூன்றிற்று என்பதற்குச் சொல்லாராய்ச்சியாளர் மகிழக்கூடிய சான்று ஒன்று உண்டு. மாட்ரிட் நகரில் அட்டோச்சா என்னுமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிய மேம்பாலச் சாலைகள் கட்டப்பட்டபோது, மக்கள் அதை 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்றே அழைத்தனர். அப்பாலம் 1980-களில் இடிக்கப்பட்டது. ஆயினும் பின்னிய மேம்பாலத்துக்கு அச்சொல் ஸ்பானிய மொழியில் நிலைத்துவிட்டது. சாலையைப் பார்த்துச் செய்த விளையாட்டு. விளையாட்டைப் பார்த்துப் பெயர் பெற்ற சாலை. ஒரு வணிகப் பெயர் பொதுச்சொல்லாவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது.

புதிய கார் வீட்டுக்கு வரும்போது

புதிய கார் ஒன்றைத் தொகுப்பில் சேர்க்கும் வீட்டார் செய்யும் வேலைகள் பெரும்பாலும் எங்கும் ஒன்றே. முதலில் அடிப்பாகத்திலுள்ள செம்புப் பின்னல்களை மெல்ல விரித்துப் பாதையின் பட்டைகளில் சமமாகப் படியும்படி செய்வர். அச்சு சுழலும் இடங்களில் ஒருதுளி எண்ணெய் இடுவர். இரண்டாம் துளி தீங்கு, ஏனெனில் அது டயருக்கு வழிந்து பிடிப்பைக் கெடுக்கும். மோட்டாரைச் சிறிதுநேரம் குறைந்த வேகத்தில் ஓடவிட்டுப் பழக்குவர். டயரின் வட்டம் சரியாக உள்ளதா என்று பார்த்து, மேடான இடத்தைத் தேய்த்துச் சீர்செய்வர். கார் பின்னோக்கி ஓடினால் மின்கம்பிகள் மாறியிருக்கின்றன என்று உணர்ந்து அவற்றை மாற்றிப் பொருத்துவர்.

பின்னர் பழைய கார் ஒன்றோடு அதை ஓடவிட்டு, சுற்றுக்கு எத்தனை வினாடி என்று குறிப்பர். இரண்டும் ஏறத்தாழ ஒத்திருந்தால் அவை ஓரணியில் ஆடத்தக்கவை. புதியது மிக விரைவாயிருந்தால், அதை ஒத்த காரோடு மட்டும் விடுவர். அல்லது பழைய காருக்குச் சில சுற்றுகள் முன்னதாகவே கணக்கில் கொடுப்பர். அமெரிக்கக் கூடங்கள் செய்யத் தவறியதை இவ்வீட்டார் தம் பட்டறிவால் செய்கின்றனர்.

காந்தத்தைப் பற்றிய வழக்கு ஒன்றும் இவர்களிடையே நெடுநாளாக உண்டு. 1970-களில் அமெரிக்கச் சிறு கார்களிலும் பின்னர் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கார்களிலும் அடியில் காந்தம் பொருத்தப்பட்டது. அது பாதையின் இரும்புப் பட்டையைக் கவ்விக் காரை வளைவில் தெறிக்காமல் காக்கும். சிறு பிள்ளைகளுக்கு இது நன்மை. அடிக்கடி கார் விழுந்தால் அவர்கள் சலித்துவிடுவர். ஆனால் காந்தம் வலுத்தால் கார் சறுக்குவதில்லை; விரலின் நுட்பத்துக்கு வேலையுமில்லை. ஆகவே பழகிய ஆட்டக்காரர் பலர் காந்தத்தைக் கழற்றிவிட்டு ஆடுகின்றனர். 1956-இல் ஃபிரான்சிஸ் கண்ட குறை, அதாவது ஆடுபவருக்கு வேலை இல்லாமற்போவது, வேறு உருவில் மீண்டும் வந்துவிடக்கூடாது என்பதே அவர்களின் வாதம்.

பெட்டியைத் திறவாமலே அடுக்கி வைத்துப் போற்றும் தொகுப்பாளரும் உளர். கீறல்படாத காருக்கு விலை மிகுதி என்பது உண்மை. எனினும் ஓடாத பந்தயக் கார், வாசிக்காத யாழைப் போன்றது என்று ஆடுவோர் கருதுவர். இரு சாராரும் ஒரே கடையில் வாங்குபவர்களாதலால், இப்பூசல் வணிகத்துக்கு ஊறு செய்ததில்லை.

புதிய சோதனை

பழைய முறையில் ஒரு பள்ளத்துக்கு ஒரு கார் மட்டுமே ஓடலாம். அதே பள்ளத்தில் இரண்டு கார்களை விட்டால் இரண்டும் ஒரே விசைக்குக் கட்டுப்படும். 2004-இல் வந்த டிஜிட்டல் முறை இத்தடையை நீக்கியது. ஒவ்வொரு காரினுள்ளும் ஒரு மின்னணுச் சில்லு இருக்கும். பாதையில் பாயும் மின்சாரத்தோடு ஒவ்வொரு காருக்குமுரிய குறிப்பும் சேர்ந்து செல்லும். சில்லு தனக்குரிய குறிப்பை மட்டும் ஏற்கும். ஆகவே இரண்டே பள்ளங்களில் ஆறு கார்கள் ஓடவும், ஒரு பள்ளத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவி முந்தவும் முடிந்தது. உண்மைப் பந்தயத்துக்கு இதுவே மிக நெருங்கியது என்பதில் ஐயமில்லை.

ஆனால் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. சில்லு இல்லாத பழைய கார்களை என் செய்வது? கைத்திறன் உடையவர் பழைய காரின் உள்ளே சில்லைப் பற்றவைத்துக்கொள்ளலாம். பின்னால் வந்த கார்கள் பலவற்றில் சில்லை எளிதில் பொருத்துமாறு அடியில் ஒரு சிறு மூடியே அமைக்கப்பட்டது. இது பழைய மரபின் தொடர்ச்சி. மறுபுறம், வெவ்வேறு நிறுவனங்களின் டிஜிட்டல் குறிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பழைய 12 வோல்ட் முறையில், 1963-இல் ஜெர்மனியில் தொடங்கிய கரேரா போன்ற பிற நிறுவனங்களின் கார்களும், முனையைச் சிறிது வெட்டிச் சரிசெய்தால், ஸ்கேலெக்ஸ்ட்ரிக் பாதையில் ஓடின. சில்லுகளோ தம் நிறுவனத்தின் மொழியையன்றிப் பிறிதொன்றை அறியா. புதிய வசதி ஒரு கதவைத் திறந்து மற்றொரு கதவைச் சாத்தியது. எளிய முறையை விரும்பிப் பழைய பாதையிலேயே பலர் இன்றும் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இணைந்து நீண்ட பாதை

2009-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் ஒரு பெருமுயற்சி நடந்தது. 1907-இல் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ், மோட்டார்ப் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் ஓடுதளமாகும். காலப்போக்கில் அதன் பல பகுதிகள் சிதைந்தன; இடையில் சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக, அப்பழைய ஓடுதளத்தின் வழியே ஏறத்தாழ 3 மைல் நீளத்துக்கு ஸ்கேலெக்ஸ்ட்ரிக் பாதையை விரித்தனர். நூற்றுக்கணக்கான மக்கள் கூடித் துண்டு துண்டாகப் பாதையை இணைத்தனர். கார்கள் அதைச் சுற்றிவந்தன. உண்மைக் கார்கள் ஓட முடியாமற்போன இடத்தில், அவற்றின் சிற்றுருவங்கள் ஒருநாள் மீண்டும் ஓடின.

அவ்வளவு நீளமான பாதையை அமைக்க முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு துண்டும் மற்ற எந்தத் துண்டோடும் பொருந்தும் என்ற ஒரே விதிதான். அவ்விதியே இவ்விளையாட்டின் உயிர். முதலாளிகள் அதை மறவாதிருந்தவரை, அவர்கள் வீழ்ந்தபின்னும் அவர்கள் செய்த பொருள் வாழ்ந்தது. முன்னோர் வைத்துச் சென்றதோடு பொருந்தும்படி புதியதைச் செய்வதும், புதியது வந்ததற்காகப் பழையதை இழிவாக்காதிருப்பதும் பொம்மைத் தொழிலுக்கு மட்டும் உரிய அறமன்று. பாடநூல் எழுதுவோர்க்கும் சொல்லாக்கம் செய்வோர்க்கும் அது பொருந்தும். புதிய சொல் பழைய இலக்கணத்தில் ஓடினால்தான் மொழியில் தங்கும். புதிய காரும் அப்படியே. அது பழைய பாதையில் முதற் சுற்றை முடித்து வரும்போதுதான் தொகுப்பில் சேர்ந்தது என்று சொல்லலாம். அதுவரை அது கடையிலிருந்து வந்த பொருளே.